ஊக்கவியல்: ஒரு சிற்றாராய்ச்சி

பாயிரம்

இந்நூல் நுதலிய பொருள் ஊக்கம். சிறுதொழில் நடத்தும் மகளிர்க்கு அது நூல், பாட்காஸ்ட், பயிற்சி வகுப்பு என மூன்று வாயில்களால் வழங்கப்படுகிறது. வழங்குவோர் மூவகையர்: தொழிலில் வென்றோர், வென்ற தொழிலை விற்றோர், தொழில் செய்யாமலே வென்றோர். பெறுவோர் பலவகையர்: இட்லி மாவு அரைப்போர், ஊறுகாய் போடுவோர், பிளவுஸ் தைப்போர், வீட்டு முன்னறையில் பார்லர் நடத்துவோர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சேலை விற்போர் முதலியோர்.

இதன் பயன் யாதெனின், காலை 5 மணிக்கு எழுதல். ‘மாவு அரைப்பவள் நாலரைக்கே எழுகிறாளே, அவளுக்கு இது கூறியது கூறல் ஆகாதோ?’ எனின், ஆகாது. நாலரைக்கு எழுவது பிழைப்பு. ஐந்துக்கு எழுவது ஒழுக்கம். முன்னதற்கு வாடிக்கையாளர் காசு கொடுப்பார். பின்னதற்கு நாம் கொடுக்க வேண்டும்.

நூலியல்

இவ்வகைக்கு முதல்நூல் சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் வெளியிட்ட ‘செல்ஃப் ஹெல்ப்’. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், மாலை வகுப்பில் கூடிய இளந்தொழிலாளர்களுக்கு அவர் ஆற்றிய உரைகளிலிருந்து பிறந்தது. வறுமையில் தொடங்கி உயர்ந்த பொறியாளர், குயவர், ஆலை கண்டோர் வரலாறுகள் அதில் வரிசையாக வருகின்றன. ஏறக்குறைய அனைவரும் ஆடவர். தமிழில் இம்மரபை அப்துற் றஹீமும் எம்.எஸ். உதயமூர்த்தியும் வேரூன்றச் செய்தனர்.

சிறுதொழில் நடத்தும் பெண் ஒருத்தி முதன்மைப் பாத்திரமாக வரும் நூல்களுள் புகழ்பெற்றது, மைக்கேல் கெர்பர் எழுதி 1995இல் வெளியான ‘தி ஈ-மித் ரீவிசிட்டட்’. அதில் சாரா என்பவள் ‘பை’ என்னும் பண்டம் சுட்டு விற்கும் கடை வைத்திருக்கிறாள். அத்தையிடம் கற்ற கைப்பக்குவம். ஊரார் புகழக் கேட்டுக் கடை திறந்தாள். கடனும் களைப்பும் மிகுந்து, பை என்றாலே வெறுப்பு வரும் நிலையில் ஆசிரியரைச் சந்திக்கிறாள். தொழிலுக்குள் நின்று உழைப்பதை விட்டுத் தொழிலின்மேல் உழைக்க வேண்டும் என்று அவர் தெளிவுறுத்துகிறார். வேலையை எழுதிவைத்து, இன்னொருவர் செய்தாலும் அதே சுவை வரும்படி முறைப்படுத்து என்பது இதன் சாரம். கொள்கை குற்றமற்றது. இதை விளக்கி முடிக்க ஒரு நூல் முழுதும் ஆகிறது. அதுவரை அடுப்பை யார் பார்த்துக்கொண்டார் என்பது ஆராயத்தக்கது.

2013இல் வந்த ‘லீன் இன்’ நூலை எழுதிய ஷெரில் சாண்ட்பெர்க் அப்போது ஃபேஸ்புக்கின் தலைமை இயக்க அதிகாரி. மேசைக்கு வந்து அமருங்கள் என்பது அவர் மகளிர்க்கு வகுத்த விதிகளுள் ஒன்று. தையல் மெஷினின் முன் இருப்பவள் இவ்விதியை ஏற்கெனவே நிறைவேற்றியவள் ஆவாள். அவளால் எழுந்திருக்க முடிவதில்லை என்பது வேறு அதிகாரத்துள் கூறப்பட வேண்டியது.

2014இல் சோஃபியா அமோருசோ ‘கேர்ள்பாஸ்’ வெளியிட்டார். ஈபேயில் பழைய உடைகள் விற்கத் தொடங்கி, ‘நாஸ்டி கேல்’ என்னும் நிறுவனமாக வளர்த்த வரலாறு அது. 2016 நவம்பரில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரி மனுச் செய்தது. 2017இல் நூலைத் தழுவிய தொடர் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. இதிலிருந்து பெறப்படும் விதி: நூல் எழுதும்போது தொழில் வென்றிருத்தல் வேண்டும், நூல் படிக்கப்படும்போது தொழில் இருத்தல் வேண்டுவதில்லை.

ஒலியியல்

பாட்காஸ்ட் மகளிர்க்கே உரியது என்பர் வல்லோர். என்னை? பாக்கெட் போடுகையில் இரு கைக்கும் வேலை, கண்ணுக்கும் வேலை. காது ஒன்றே சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் உறுப்பைக் கண்டால் முன்னேற்றவாதிகள் பொறுப்பதில்லை.

சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் நாடகத்துக்கு ஐந்து சந்தி கூறுவார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். வெற்றிக்கதை சொல்லும் பாட்காஸ்ட்கள் இவ்விலக்கணம் வழுவாதவை. அமெரிக்க வானொலியான என்பிஆர் 2016 செப்டம்பரில் தொடங்கிய ‘ஹவ் ஐ பில்ட் திஸ்’ தொடரின் முதல் அத்தியாயத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்க. அதில் பேசியவர் ‘ஸ்பேங்ஸ்’ உள்ளாடை நிறுவனத்தைத் தொடங்கிய சாரா பிளேக்லி. நீளக் காலுறையின் பாதத்தை வெட்டி அணிந்து பார்த்தது முகம். வீடுவீடாக ஃபேக்ஸ் மெஷின் விற்றுச் சேர்த்த 5,000 டாலரை முதலாக இறக்கியது பிரதிமுகம். வக்கீல் கட்டணத்துக்கு அஞ்சிக் காப்புரிமை விண்ணப்பத்தைத் தாமே எழுதியது கருப்பம். 2000இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே தமக்குப் பிடித்த பொருள்களின் பட்டியலில் சேர்த்தது விளைவு. 2021இல் பெரும்பங்கு பிளாக்ஸ்டோன் என்னும் முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனபோது நிறுவனத்தின் மதிப்பு 120 கோடி டாலர், இது துய்த்தல். கருப்பத்துக்கும் விளைவுக்கும் இடையே விளம்பரம் வருதல் அடியார்க்குநல்லார் அறியாதது.

இத்தொடரில் பேட்டியின் இறுதியில் தொகுப்பாளர் கய் ராஸ் கேட்கும் வழக்கமான வினா: இதில் உழைப்பு எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு? விடை இவ்விரண்டனுள் அமைதல் மரபு. ‘மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொண்டார்’ என்பது உழைப்புமன்று, அதிர்ஷ்டமுமன்று; ஆதலின் அதற்கு இடமில்லை. மாமியாரைப் பேட்டி கண்ட பாட்காஸ்ட் யாம் கேட்டிலம்.

வீட்டையும் தொழிலையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பது பெண்பாற்குரிய வினா. ஆண்பாற்கு இது வருதல் வழுவாம். அவர்கள் வீட்டைச் சமாளிப்பதில்லை என்பது எல்லார்க்கும் தெரிந்திருத்தலால், கேட்டுப் பெறும் புதுப்பொருள் ஏதுமின்மை காரணம்.

பாடவியல்

பயிற்சி வகுப்புக்கு உறுப்பு நான்கு: ஹால், புரொஜெக்டர், சமோசா, சான்றிதழ். குரூப் போட்டோவைச் சேர்த்து ஐந்து என்பாரும் உளர். இங்குக் கற்பிக்கப்படும் கொள்கை ஒன்றே: தடை மனத்தில் உள்ளது. அத்தடை அச்சம், தயக்கம், தன்னைக் குறைத்து மதித்தல் என மூவகைப்படும். இம்மூன்றையும் களைந்தால் தொழில் தானே வளரும் என்க.

இனி இதற்கு மறுப்பாகக் காட்டப்படும் சில வரலாறுகளை எடுத்து ஆராய்வாம்.

அமெரிக்காவின் சில மாநிலங்களில், பெண்ணொருத்தி தொழிற்கடன் வாங்க ஆண் உறவினர் ஒருவரின் கையெழுத்தைக் கேட்கும் சட்டங்கள் 1988 வரை இருந்தன. அவ்வாண்டு வந்த மகளிர் தொழிலுடைமைச் சட்டம் அதை நீக்கியது. அதுவரை அங்குள்ள மகளிர் தங்கள் மனத்தடையை ஏன் உடைக்கவில்லை என்று கேட்கலாம். உடைத்திருப்பார்கள், உடைந்த மனத்தடையை வங்கி ஜாமீனாக ஏற்கவில்லை.

அகமதாபாத்தில் காய்கறி விற்போர், பீடி சுற்றுவோர், தலைச்சுமை தூக்குவோர் ஆகியோரைச் சேர்த்து 1972இல் இலா பட் ‘சேவா’ சங்கத்தைத் தொடங்கினார். வங்கியில் இவர்களுக்கு மதிப்பில்லை. 1974இல் ஏறத்தாழ 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்குபோட்டுத் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கியையே தொடங்கிவிட்டனர். பலருக்குக் கையெழுத்துத் தெரியாது. பாஸ்புக்கில் போட்டோ ஒட்டி ஆள் அடையாளம் கண்டனர். மனத்தைத் திருத்துவதற்குப் பதிலாகப் பாஸ்புக்கைத் திருத்தியது முறைகேடான குறுக்குவழி என்பது பயிற்றுநர் கட்சி.

பம்பாய் கிர்காமில் 1959 மார்ச் 15 அன்று ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டைமாடியில் அப்பளம் இட்டனர். அதுவே ‘லிஜ்ஜத்’. வகுப்புகளில் இக்கதை சொல்லப்படுகிறது. ஆனால் 80 ரூபாயோடு நிறுத்தப்படுகிறது. அதற்குப்பின் வருவது கேட்போர்க்குச் சலிப்பூட்டும்: மாவு ஓரிடத்தில் பிசையப்படும், காலையில் பெண்கள் வந்து மாவு வாங்கிப்போய் வீட்டில் இட்டு, காய்ந்த அப்பளத்தை மறுநாள் கொண்டுவருவர், தரம் பார்த்து, எடை போட்டு, கூலியை அன்றன்றே தருவர். பல்லாயிரம் பெண்களின் வீட்டுக்கு அந்நிறுவனம் சென்றது இந்த எடைத்தராசு வழியாக. தராசைப் பார்த்துக் கைதட்டும் வழக்கம் இன்மையால், கைதட்டல் 80 ரூபாய்க்கே போகிறது.

இவை பிற்காலத்தன. பழையதும் ஒன்று உண்டு. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயர்மகள் வருகிறாள். விடியலில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலைச்சுமையாக எடுத்துச்சென்று விற்கிறாள். மோர் விற்றுப் பெற்ற உணவால் சுற்றத்துக்குச் சோறு போடுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன் கொடுத்தால் வாங்க மறுக்கிறாள். பால் எருமை, நல்ல பசு, எருமைக் கன்று என்றே கேட்டு வாங்குகிறாள். வீட்டுச்செலவுக்கு மோர்க்கணக்கு, முதலுக்கு நெய்க்கணக்கு. லாபம் மீண்டும் தொழுவத்துக்கே. புலவர் இதைச் சில அடிகளில் முடித்துப் பாணனை அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுகிறார். அவளுக்குப் பெயரில்லை, கனவில்லை, கடந்துவந்த பாதையில்லை. இரண்டு நாள் வொர்க்‌ஷாப்புக்குப் போதுமான பொருளை இப்படி வீணடித்தது பழந்தமிழர்க்கு வணிக நோக்கின்மையைக் காட்டும்.

தடைவிடை

‘தடை மனத்துக்கு வெளியிலும் உண்டு’ என்பார் கட்சிக்குச் சான்று பல. 2015இல் வந்த முத்ரா திட்டத்தில் ஷிஷு வகைக்கு 50,000 ரூபாய் வரை கடன் உண்டு. பிணை வேண்டாம் என்பது விதி. ‘வீட்டுக்காரரை ஒருமுறை கூட்டிட்டு வாங்கம்மா’ என்பது விதிக்கு வெளியே நிற்கும் வழக்கு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு எடுத்தவர் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. ஊறுகாய்க்காரி இச்சட்டத்தைச் சொல்லிச் சூப்பர் மார்க்கெட்டில் பணம் கேட்கலாம். வட்டியோடு பணம் வரும். அடுத்த ஆர்டர் வராது. அதுவரை வார வட்டிக்காரரிடம் வாங்கி மிளகாய் எடுக்கிறாள்.

இவற்றை மனத்தடை என்று கொள்ளலாமோ எனின், கொள்ளலாம். என்னை? வங்கியைத் திருத்தினால் வங்கிக்குச் செலவு. பாக்கியை வசூலித்தால் வாங்கினவருக்குச் செலவு. பால்வாடியை மாலை வரை நீட்டினால் அரசுக்குச் செலவு. வீட்டுவேலையைப் பங்கிட்டால் கணவருக்கு வருத்தம். பெண்ணின் மனத்தைத் திருத்தினால் அவள் ஒருத்திக்கே செலவு; அதையும் இஎம்ஐயில் கட்டலாம். ஆகவே தடை மனத்தில் உள்ளது என்பது எல்லாத் தரப்பினர்க்கும் கட்டுப்படியாகும் முடிபு என்க.

புறனடை

இவ்வியலுள் கூறாது விடப்பட்ட பாடம் ஒன்று உண்டு. அதை எந்த நூலும் எழுதவில்லை, எந்தப் பாட்காஸ்டும் சொல்லவில்லை. ஆயினும் பயிற்றுநர் அனைவரும் தவறாது கடைப்பிடிக்கின்றனர். ஹாலுக்குள் நுழையுமுன் வாசலில் மேசை போட்டு, க்யூஆர் அட்டை வைத்து, கட்டணம் முழுவதையும் வாங்கிக்கொண்டே உள்ளே விடுகின்றனர். கடன் கிடையாது, 45 நாள் கிடையாது, பாதி இப்போது பாதி அப்புறம் கிடையாது. ஊறுகாய் போடுபவள் வகுப்பில் குறிப்பெடுக்க வேண்டிய இடம் அந்த வாசல்தான். அதைக் கற்றுக்கொண்டவள் உள்ளே வராமலே திரும்பிவிடுவாளாதலால், பாடத்திட்டத்தில் அது சேர்க்கப்படுவதில்லை.