சத்திரம் பேருந்து நிலையத்து பட்டர் பிஸ்கட்டில் பட்டர்: ஓர் அண்ண ஆய்வு

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள பேக்கரிகளில், கண்ணாடி ஜாடிக்குள் அடுக்கி "பட்டர் பிஸ்கட்" என்று பெயர் சூட்டப்பட்டிருக்கும் பண்டத்தில் பட்டர் உண்டா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். சங்க இலக்கியத்தில் யானை, குருவி, கொசு வரை முனைவர் பட்டம் வாங்கியாகிவிட்டது. பிஸ்கட்டைத் தொடத்தான் ஆளில்லை. ஆய்வு எல்லை தெற்கே மெயின்கார்டு கேட், வடக்கே காவிரிப் பாலம். பாலத்துக்கு அப்பால் உள்ள ஸ்ரீரங்கம் ஒப்பீட்டுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது.

அந்த ஒப்பீட்டை முதலிலேயே முடித்துவிடலாம். ஸ்ரீரங்கத்தில் துலுக்க நாச்சியாரை முன்னிட்டு அரங்கனுக்கு ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கிற வழக்கம் உண்டு. அங்கே வெண்ணெய் என்றால் வெண்ணெய்தான். அதே வெண்ணெய், ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிச் சத்திரத்தில் இறங்குவதற்குள் வனஸ்பதியாகிவிடுகிறது. இந்நிகழ்வுக்குக் "காவிரிப் பிறழ்வு" என்று பெயரிடுகிறேன். பிற்கால ஆய்வாளர்கள் இச்சொல்லை எடுத்தாளும்போது என் பெயரைப் போட்டால் போதும்.

முன்னாய்வுகள். மூன்றாம் நெப்போலியன் வெண்ணெய்க்கு மலிவான மாற்று கேட்க, 1869இல் மெஜ்-மூரியே என்ற பிரெஞ்சு வேதியியலர் மாட்டுக் கொழுப்பிலிருந்து மார்கரின் செய்து கொடுத்தார். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், மார்கரினை விற்பதானால் இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று 1891இல் சட்டம் போட்டது. 1898இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நம் நாட்டுக்கு 1937இல் டால்டா என்ற வனஸ்பதி வந்தது. மஞ்சள் டின், மேலே மரப்படம். உள்ளே இருந்ததைவிட அந்த டின்தான் நம் வீடுகளில் அதிக காலம் உழைத்தது. துளசிக்குத் தொட்டி, அரிசிக்குப் படி. டால்டாவை நெய்யில் கலந்துவிடுவார்களே என்று கவலைப்பட்ட அரசு, வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதி வகுத்தது. நல்லெண்ணெயோடு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் சேர்ந்தால் சிவப்பு நிறம் வரும். கலப்பட நெய் சோதனைக் குழாயில் தானாகவே மாட்டிக்கொள்ளும். அமெரிக்கர்கள் வெளியே பூசச் சொன்ன சிவப்பை நாம் உள்ளே ஒளித்து வைத்தோம். ராஜதந்திரம் என்றால் இதுதான்.

பேருந்து நிலையத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு அலைந்தால் போலீஸ் விசாரிக்கும். எனவே இந்த ஆய்வு "அண்ண ஒட்டு முறை"யைப் பின்பற்றியது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரியில் உருகும். வாய்ச் சூடு ஏறக்குறைய 37. ஆகவே வெண்ணெய் வாயில் கரைந்து ஓடிவிடும். வனஸ்பதியின் உருகுநிலை 41 டிகிரி வரை போகலாம் என்று சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. அப்படிப்பட்ட வனஸ்பதி வாயில் முழுதாக உருகாது. மேலண்ணத்தில் மெழுகாய்ப் படியும். பிஸ்கட்டை மென்று விழுங்கிய பிறகு நாக்கால் அண்ணத்தைத் துழாவிப் பாருங்கள். வழுக்கினால் வனஸ்பதி. கண்டக்டர் விசிலடிப்பதற்குள் முடிவு தெரிந்துவிடும்.

ஆய்வுக்குட்பட்ட பிஸ்கட்டுகள் யாவும் வழுக்கின.

கருத்தறியச் சென்றபோது கல்லாவில் இருந்தவர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார்: "பட்டர்ல போட்டா இந்த வெயிலுக்கு நிக்குமா சார்? மாவு பிசையிறப்பவே ஒழுகிடும். வெலையும் யாரு குடுப்பா?" இதில் அறிவியல் இருக்கிறது. சர்க்கரையோடு கொழுப்பைச் சேர்த்து அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைக்க, கொழுப்பு கெட்டியாக இருக்க வேண்டும். மே மாதத் திருச்சி 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். வெண்ணெய் அதற்கு முன்பே எண்ணெயாகிவிடும். அப்படிப் போட்ட பிஸ்கட் அடுப்புத் தட்டில் தோசையாய்ப் பரவும். எனவே காவிரிப் பிறழ்வில் காசுக்கு உள்ள பங்கு சூரியனுக்கும் உண்டு.

வீட்டில் செய்வோருக்கு ஒரு பின்குறிப்பு. வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். நெய்யோ வனஸ்பதியோ முழுக்கக் கொழுப்பு. 100 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 100 கிராம் நெய்யைக் கொட்டினால் பிஸ்கட் உதிர்ந்து போகும். 80 கிராம் நெய்யும் ஒரு மேசைக்கரண்டிப் பாலும் சரி. கேக் செய்வோருக்கும் ஒரு மாற்று உண்டு. வெளிநாட்டுச் சமையல் புத்தகங்கள் மோருக்குப் பதிலாகப் பாலில் எலுமிச்சை பிழியச் சொல்கின்றன. அதைப் படித்துவிட்டு, ஃபிரிட்ஜில் புளித்த தயிர் இருக்கும்போதே எலுமிச்சை வாங்க ஓடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். முக்கால் கப் தயிரில் கால் கப் தண்ணீர் ஊற்றிக் கடைந்து, அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடா போட்டால் முட்டையில்லாத கேக்கும் பொங்கும். புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் கரியமில வாயு வரும், அவ்வளவுதான்.

பிறந்தநாள் கேக்கின் மேல் பூசும் வெள்ளைக் கிரீம் பற்றி ஆராயத் தேவையில்லை. அது பாலைப் பார்த்ததே இல்லை.

இனி முடிவு. பிஸ்கட்டில் வனஸ்பதி போடுவது குற்றமல்ல. 2022 முதல் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதியும் வந்துவிட்டது. ஐஸ்கிரீமில் பால் கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பு போட்டால் "ஃப்ரோசன் டெசர்ட்" என்று பொடி எழுத்திலாவது போட்டே ஆக வேண்டும். ஜாடி பிஸ்கட்டுக்கு அட்டையே கிடையாது என்பதுதான் சிக்கல். ஆகவே சத்திரத்துப் பேக்கரிக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஜாடியில் "வனஸ்பதி பிஸ்கட்" என்றே எழுதி ஒட்டுங்கள். துறையூர் பஸ் கிளம்புவதற்குள் 100 கிராம் வாங்குகிறவர்கள் அப்போதும் வாங்குவோம்.