நிழலை எங்க கொட்டப் போற?

அடேய் பேராண்டி, ஆக்லாந்துல ஆபீஸ் கோபுரம் வரையப் போறியாமே. நல்லது. தாத்தாவுக்குக் கட்டடக்கலை தெரியாது. காசு செலவில்லாம உட்கார இடம் தேடிப் பழகின கால் ரெண்டு மட்டும் இருக்கு, அது சொல்றதைக் கேளு.

முதல்ல நிழலை எங்க கொட்டறதுன்னு பாரு. அங்க மத்தியானச் சூரியன் வடக்க நிக்குது. ஆகவே தெக்க நடக்குறவன் தலையில நிழலைப் போட்டுரு, குளிருக்கு அவனே ஓடிருவான், கூட்டம் கூடுற தொல்லை விட்டுச்சு. உங்க ஊர்லயே இதுக்கு முன்னோடி உண்டு. துறைமுகத்தோரம், குயீன் தெரு ஒண்ணாம் நம்பர்ல 1970களில் ஒரு கோபுரம் எழும்புச்சு. அதுக்குத் தெக்கதான் குயீன் எலிசபெத் சதுக்கம். வெயில் மறைஞ்சுது, காத்து விசிறியடிச்சுது, சனம் ஒதுங்கிருச்சு. அப்புறம், ‘ஐயோ, இருட்டாக் குளிராக் கிடக்கே’ன்னு மாநகராட்சி அந்தப் பொது இடத்தையே பிரிசிங்க்ட்ங்கிற கட்டட கம்பெனிக்கு வித்துருச்சு. மாட்டைப் பட்டினி போட்டுட்டு, பால் கறக்கலைன்னு சந்தைக்கு ஓட்டின கதைதான்.

அந்த இடமும், பக்கத்துல 2016-ல இடிச்ச டவுன்டவுன் ஷாப்பிங் சென்டரும் சேர்ந்து 2020-ல கமர்ஷியல் பே ஆச்சு. அதுல எழும்பின கோபுரம் 39 மாடி, 180 மீட்டர். குறையாவே சொன்னா வாய் புழுத்துரும். அஸ்திவாரத்தோட சேர்த்தே சிட்டி ரயில் லிங்க் சுரங்கத்துக்கும் வழி வச்சுக் கட்டினாங்க, ரயில் ஸ்டேஷனும் எதிர்த்தாப்ல. ஊடால சந்து விட்டிருக்காங்க, நடக்கலாம். ரெண்டு பக்கமும் கடை. காபி வாங்கினவனுக்கு நாற்காலி தன்னால கிடைக்கும்.

அந்த நிழல்கார கோபுரத்தைப் பிறகு என்ன செஞ்சாங்க தெரியுமா? இடிக்கல. எலும்பை விட்டுட்டு மத்ததை உரிச்சு, புதுத் தோல் போட்டு, 2024-ல இன்டர்கான்டினென்டல் ஹோட்டலும் ஆபீசுமாக் குடியேத்திட்டாங்க. புத்திசாலித்தனம். சிமென்டுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டா, அடுப்புக் கரி மட்டுமில்ல, கல்லுக்குள்ள அடைஞ்சு கிடக்கிற கரியும் சேர்ந்து புகையாப் போகுது. ஏற்கெனவே போன புகைக்கு இன்னும் அம்பது வருசம் வேலை வாங்குறதுதான் சிக்கனம். ஆனா உனக்கு அது சரிப்படாது. பழைய எலும்புக்குத் தோல் மாட்டினவன் பேரை எந்தப் பத்திரிகை அட்டையில போடுறான்? நீ இடிச்சே கட்டு.

வரவேற்பறையில பசுமைக் கட்டடம்னு கிரீன் ஸ்டார் பலகையை மாட்டு, அடியில நாலு அடுக்குக் கார் கொட்டகை தோண்டு. பெரிய ஊர்கள்ல கட்டடத்துக்கு இத்தனை கார் இடம் கட்டாயம்ங்கிற விதியை எடுக்கச் சொல்லி 2020-ல அரசாங்கமே உத்தரவு போட்டுச்சாம். போடட்டுமே, தோண்டக் கூடாதுன்னா சொன்னான்?

அந்த ஊர்ப் பழைய கடைக்காரன் நடைபாதை மேல கூரை நீட்டி வச்சிருப்பான், மழை அப்படி. நீ கண்ணாடியை நேராத் தரை வரைக்கும் இறக்கு. உச்சியில மோதுற காத்து சுவரோட சரிஞ்சு வந்து நடக்குறவன் குடையை மடக்கிரும். நனைஞ்சவன் டாக்ஸி பிடிப்பான், டாக்ஸிக்காரனும் பிழைக்கணும்ல.

சரி, வரைபடத்தை இப்படித் திருப்பு. இதென்ன கோடு, பெஞ்சா? பரவாயில்லையே, வடக்குப் பக்கம் பார்த்துத்தான் போட்டிருக்க. நடுவுல எதுக்குடா ரெண்டு கம்பி? ஓ, எவனும் படுத்துரக் கூடாதா. அப்ப உன் தாத்தன் அங்க வந்தா மத்தியானம் எங்க கண்ணயர்றது?