முன்தேதியிட்ட தாயம்

தாயம் விழுந்த பிறகுதான் அவருக்குச் சட்டம் ஞாபகத்துக்கு வரும். நமக்கு விழுந்த தாயம் என்று படித்துக்கொள்ளுங்கள். அவருக்கே விழுந்தால் சட்டம் எதுவும் கிடையாது. நாம் வாயைத் திறப்பதற்குள் காய் ஏறி, நகர்ந்து, மலைக்கட்டத்தில் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துவிடும்.

"தாயம்!" என்று பிள்ளைகளில் ஒன்று கத்தும். மாமா அவசரப்பட மாட்டார். "கட்டை பாய்க்கு வெளியில போயி உள்ள வந்துச்சே, யாரும் பாக்கலியா?" என்பார்.

"வெளியில போகலியே மாமா."

"சரி விடு. எந்தக் கையால போட்டே?"

"வலது கையாலதான்."

"அதான பாத்தேன். மொதக் காய் ஏத்துறதுக்கு வலது கை செல்லாது. அரியலூர்ப் பக்கம் போயி யாரை வேணா கேளு."

அரியலூருக்குப் பஸ் பிடித்துப் போய்க் கேட்டுவிட்டு வரவா முடியும்? கட்டை அடுத்த ஆள் கைக்குப் போய்விடும்.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் பொங்கல் லீவில் எந்தத் திண்ணையை எட்டிப் பார்த்தாலும் இவர் இருப்பார். சில வீட்டில் பெரியப்பா, சில வீட்டில் மூத்த மாப்பிள்ளை. எங்கள் வீட்டுக்கு வாய்த்தவர் அத்தையின் வீட்டுக்காரர். ஆனால் இது பொதுவாக எழுதுவது, எந்த மாமாவையும் மனதில் வைத்து எழுதவில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

தாயத்தில் இவருக்குள்ள வசதி, அதற்கு அச்சடித்த சட்டம் கிடையாது என்பதுதான். இரண்டு பித்தளைக் கட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் ஒரு புள்ளி, ஒரு பக்கம் இரண்டு, ஒரு பக்கம் மூன்று, நாலாவது பக்கம் வெறுமை. ஒன்று விழுந்தால் தாயம், இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம் போட்டால்தான் காய் ஏறும். வெட்டினால் இன்னொரு ஆட்டம். அப்படி வெட்டு வாங்கியவர் உள்கட்டத்துக்குப் போகலாம், சுற்றி முடித்துச் சேர்ந்த காய் பழம். இதுவரை பெரும்பாலும் தகராறு இல்லை. இதற்கு மேல் எல்லாமே ஊருக்கு ஊர் பேச்சுதான். நாலு விழுந்தால் மறு ஆட்டம் உண்டா? ஒரே கட்டத்தில் ஜோடியாக நிற்கும் காயை வெட்டலாமா? பன்னிரண்டு தொடர்ந்து விழுந்தால் அழியுமா? வேப்பந்தட்டையில் ஒன்று சொல்வார்கள், குன்னத்தில் ஒன்று, செந்துறையில் ஒன்று. நல்ல மனுஷர்கள் ஆட்டம் தொடங்கும் முன்பே இதையெல்லாம் பேசி முடித்துக்கொள்வார்கள். மாமா முன்கூட்டிப் பேச மாட்டார். "பழகுன ஆட்டம்தானே, போடு போடு" என்று ஆரம்பித்துவிடுவார்.

கேரம் பலகையை எடுத்தால் அவருக்கு முதுகு வலிக்கும். காரணம் முதுகு இல்லை. கேரமுக்கு 1988இலேயே சென்னையில் சர்வதேச சம்மேளனம் என்று ஒன்றை அமைத்து, சிவப்புக் காயைப் போட்டால் கூடவே தன் காய் ஒன்றையும் போட்டு அதைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும் என்பது உட்பட எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டார்கள். எழுதி வைத்த இடத்தில் மாமாவுக்கு மூச்சு முட்டும். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது எங்கள் வீட்டுக்கும் ஒரு சதுரங்கப் பலகை வந்தது. மாமா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "குதிரை ஏன் நேரா போகக் கூடாது?" என்றார். யாருக்கும் பதில் தெரியவில்லை. பலகை பரணுக்குப் போய்விட்டது.

மாமா வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், உத்தரவுக்கு இல்லை. அவருடைய சட்டமெல்லாம் "இனிமே" என்றுதான் தொடங்கும். அந்த இனிமே போன ஆட்டத்துக்கு முந்தின ஆட்டத்திலிருந்து அமலுக்கு வரும். தம்பி மகன் ஒரு காயைப் பழமாக்கி, அதைக் கையில் எடுத்துவைத்து, கை கழுவி, இட்லியும் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பான். "அந்தக் காய் வெட்டு வாங்கலியேப்பா. இன்னொரு காய் வாங்குன வெட்டுக்கு இது எப்படி உள்ள போவும்? திருப்பி வை" என்பார் மாமா. பழம் மறுபடி காயாவதை வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் திண்ணையில் பார்க்கலாம்.

எதிர்த்துக் கேட்டால் அவர் ஒரு முன்னுதாரணத்தை எடுத்துப் போடுவார். எங்களிடம் அதற்கு மட்டும் பதில் இல்லை. 1995இல் திருச்சியைப் பிரித்துப் பெரம்பலூரை மாவட்டமாக்கினார்கள். 2001 ஜனவரியில் பெரம்பலூரைப் பிரித்து அரியலூரை மாவட்டமாக்கினார்கள். 2002 மார்ச் கடைசியில் அரியலூர் மாவட்டம் இல்லை என்று பழையபடி சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பர் 23 அன்று திரும்பவும் மாவட்டம். வெட்டுப்பட்டு வீட்டுக்குப் போன காய் இன்னொரு தாயம் விழுந்து ஏறி வந்த மாதிரி.

"ஒரு மாவட்டத்தையே ஏத்தி எறக்கி ஏத்தியிருக்காங்க. லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்பு அத்தனையும் ஒவ்வொரு வாட்டியும் மாத்துனவன் நான். ஒன் காயை ஒரே ஒரு வாட்டி எறக்குனதுக்கு இந்தக் குதி குதிக்கிறியே மாப்ள?"

என்ன சொல்வது? எறக்கினோம்.

அவர் பிறந்தது அரியலூர், பெண்ணெடுத்தது பெரம்பலூர். அதனால் இரண்டு மாவட்டச் சட்டமும் அவரிடம் இருக்கிறது. நம்மைத் தடுக்க அரியலூர்ச் சட்டம், அவர் பிழைக்கப் பெரம்பலூர்ச் சட்டம். மூன்று சுற்று தாயம் விழாமல் தவித்தவர் ஒரு காயை இனாமாக ஏற்றிக்கொள்ளலாம் என்பது பெரம்பலூர்ச் சட்டம் என்றார் ஒரு நாள். எங்கள் பாட்டி பெரம்பலூரிலேயே பிறந்து, பெரம்பலூரிலேயே வாக்கப்பட்டவர். "நான் கேள்விப்பட்டதில்லையே மாப்ள" என்றார். "அது உங்களுக்கு முந்தின காலம்" என்றார் மாமா. சாத்தனூர்க் கல்மரத்துக்கு 12 கோடி வயசு என்று சொல்கிறார்கள். மாமாவைக் கேட்டால் அந்த மரம் நின்றபோதே அதன் நிழலில் இந்தச் சட்டப்படிதான் ஆடினார்கள் என்பார். நமக்குக் காரையில் கிடைக்கும் அம்மோனைட் புதைபடிவங்களைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியிருக்கும்.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் திங்களும் வெள்ளியும் நடை திறப்பது பழைய வழக்கம். அதைச் சொல்லி, அம்மன் கண் திறந்திருக்கிற வெள்ளிக்கிழமையில் வயசில் மூத்தவர் காயை வெட்டக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. மூத்தவர் மற்றவர் காயை வெட்டலாமா? வெட்டலாம். அவர் காலையிலேயே கோயிலுக்குப் போய் உத்தரவு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

என் அண்ணன் மகள் இன்ஜினீயரிங் படிக்கிறாள். அவள் ஒருமுறை நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒரு கட்டைக்கு நாலு பக்கம், இரண்டு கட்டைக்கும் சேர்த்துப் பதினாறு விதமாக விழலாம், அதில் இரண்டே விதம்தான் தாயம். அதாவது எட்டு தடவை உருட்டினால் சராசரியாக ஒரு தாயம். "நீங்க முதல் காய்க்கு ரெண்டு தாயம் சேந்தாப்ல விழணும்னு சொன்னீங்க தாத்தா. அப்போ 64இல் ஒண்ணு. பொங்கல் முடிஞ்சு நாங்க காலேஜுக்குத் திரும்புற வரைக்கும் ஒரு காயும் ஏறாது." மாமா நோட்டை வாங்கினார், கண்ணாடியை மாட்டினார், கூட்டலைச் சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது. "இது புஸ்தகக் கணக்கு பாப்பா. திண்ணைக் கணக்கு வேற" என்று திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு விழுந்த அவருடைய ஒற்றைத் தாயத்துக்குக் காய் ஏறியது. திண்ணைக் கணக்கு.

மாமாவை ஒருவர்தான் ஜெயித்திருக்கிறார். அது 2020 ஊரடங்கில் போனில் ஆடிய லூடோ. மாமா காய் வெட்டுப்பட்டதும், "இல்ல இல்ல, அது செல்லாது" என்று போனைப் பார்த்துச் சொன்னார். போன் காதில் வாங்கவில்லை. காயைத் தூக்கி வீட்டில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டது. அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள், "மூஞ்சிக்கு மூஞ்சி பாக்காம ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமா? குடும்பம்னா கூடி ஒக்காரணும்" என்று சாக்பீஸை எடுத்துக்கொண்டு கட்டம் போட உட்கார்ந்துவிட்டார்.

தோற்கிற நிலை வந்தால் வள்ளுவர் வருவார். 94ஆம் அதிகாரம் சூது. பத்துக் குறளும் மாமாவுக்கு மனப்பாடம், பொருளோடு சொல்வார். ஜெயிக்கிற நாளில் ஒரு குறள்கூட நாவில் வராது. கட்டையை உருட்டாமல் மெல்ல வைப்பது, நாலு எண்ணும் இடத்தில் ஐந்தாவதாக ஒரு தட்டுத் தட்டுவது, காலை நீட்டுகிற சாக்கில் அடுத்தவர் காயை நகர்த்துவது எல்லாம் எல்லா மாமாக்களுக்கும் பொது. எழுத ஒன்றுமில்லை.

ஒன்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர் வந்து இறங்கும்வரை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு போனோடு ஆளுக்கொரு மூலையில்தான் கிடப்பார்கள். சாக்பீஸ் கட்டத்தில் ஒரு கோடுகூடக் கோணாது. ஒரு மூலைக்குப் புளியங்கொட்டை, ஒரு மூலைக்கு மக்காச்சோளம், ஒரு மூலைக்கு முந்திரிக்கொட்டை, ஒரு மூலைக்கு உடைந்த வளையல் என்று காய் தேடிப் பிள்ளைகளை வீடு முழுக்க ஓடவிடுவார். அவர் வராத ஒரு பொங்கலுக்கு நாங்களே ஆடினோம். சரியான சட்டப்படி, சண்டையில்லாமல். அரை மணி நேரத்தில் எல்லாருக்கும் தூக்கம் வந்துவிட்டது.

ஆனால் அந்த வளையல் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அத்தையின் காய். நாலு மூலையில் ஒன்று அத்தையுடையது, பேருக்கு. போன பொங்கல் வரை அவர் கட்டையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கதவோரம் உட்கார்ந்து செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம் ஒரு முறம் உரித்துக்கொண்டிருப்பார். "அவளுக்கும் சேத்து நானே போட்டுர்றேன்" என்பார் மாமா. அத்தைக்கு விழுகிற தாயம் அத்தைக்கு உதவாது. வளையல் துண்டு முன்னால் போய் எங்கள் காயை வெட்டும், வெட்டுப்படும், திரும்பவும் முதலிலிருந்து ஏறும். பின்னாலேயே மாமாவின் காய் நோகாமல் பழமாகும். எல்லாச் சட்டமும் மாறிய இந்தத் திண்ணையில் இந்த ஒரு சட்டம் மட்டும் அதுவரை மாறவே இல்லை. மாமாவை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஆட்டம் சூடாக இருக்கும்போது டீ கேட்பது நாங்கள் எல்லாரும்தான். சாம்பார், வடை, பிள்ளைகளுக்குப் பால், எல்லாவற்றுக்கும் எழுந்து போகிறவர் ஒருவர். குடும்பமாகக் கூடி விளையாடினோம் என்று எடுத்து அனுப்பிய போட்டோவில் அத்தை அடுப்படிப் பக்கம் திரும்பிய பாதி முதுகாக இருக்கிறார். இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன பொங்கலுக்கு அண்ணன் மகள் 40 பக்க நோட்டு ஒன்றில் சட்டங்களை வரிசையாக எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினாள். முதல் சட்டம்: அவரவர் கட்டையை அவரவரே உருட்ட வேண்டும். மாமா முழுவதும் படித்தார். இரண்டு இடத்தில் விடுபட்டிருந்த ஒற்றெழுத்தைச் சேர்த்தார். கீழே கையெழுத்திட்டு, அடைப்புக்குறிக்குள் 'மாறுதலுக்கு உட்பட்டது' என்று எழுதினார்.

வெங்காய முறத்தைப் பிள்ளைகள் பிடுங்கிக்கொண்டார்கள். அத்தை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கட்டையை உள்ளங்கையில் தேய்த்து உருட்டினார். இரண்டு விழுந்தது. அத்தை வளையல் துண்டை எடுத்து நிதானமாகக் காய் ஏற்றினார்.

"ரெண்டுல்ல விழுந்துருக்கு?" என்றார் மாமா.

"பொம்பளைங்க மொத ஆட்டம் போட்டா ரெண்டும் தாயம்தான். பெரம்பலூர்ச் சட்டம்."

மாமா பாட்டியைப் பார்த்தார். பாட்டி வெற்றிலைப் பையின் சுருக்கை இழுத்துக் கட்டிக்கொண்டே, "ஆமா மாப்ள, ஆதிகாலத்துலேருந்து அப்படித்தான்" என்றார்.