மர்க்கட நியாயமும் மதியச் சோறும்: கூரத்துக் குழந்தைகள் உண்ணும் முறை பற்றி ஒரு சிறு பாஷ்யம்

ஆறு மாதம் முடிந்த குழந்தை யார் கையால் சாப்பிட வேண்டும்? இங்கிலாந்தில் ஜில் ராப்லி என்னும் செவிலியர் இதற்கு விடையாக 2008-இல் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு புத்தகம் போட்டார். கரண்டி வேண்டாம், மசித்த கூழ் வேண்டாம், விரல் நீளத்துக்கு வெட்டி முன்னால் வையுங்கள், பிள்ளை தானே எடுத்துத் தின்னும் என்பது அதன் சாரம். சீமையில் இது பெரிய புதுமையாகப் பேசப்பட்டது. காஞ்சிபுரத்தாரோ இதே வழக்கை ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளாக நடத்தி வருகிறார்கள். என்ன, அவர்கள் வழக்கு சோற்றைப் பற்றியதல்ல, மோட்சத்தைப் பற்றியது.

வைணவரில் வடகலையார் கொள்கைக்கு மர்க்கட நியாயம் என்று பெயர். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்கிறது, முயற்சி குட்டியினுடையது. தென்கலையாருக்கு மார்ஜார நியாயம். பூனை தன் குட்டியைக் கழுத்தில் கவ்வித் தூக்கிப் போகிறது. குட்டி சும்மா கிடந்தால் போதும். கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று நீதிமன்றம் வரை போன ஊர் காஞ்சி. அதன் பக்கத்து ஊரான கூரத்தில் ஒரு பாட்டியும் மருமகளும் இட்லித் துண்டை நடுவில் வைத்து வாதிடுகிறார்கள் என்றால், அதைக் குடும்பத் தகராறு என்று ஒதுக்குவது ஆராய்ச்சிக்கு அழகல்ல.

கூரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இராமாநுசரின் சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர் இது. பெருஞ்செல்வர்; அவர் மாளிகையில் நாள் முழுதும் அன்னதானம் நடந்து, இரவில் கதவு சாத்தும் ஓசை காஞ்சிக் கோயில் வரை கேட்டது என்பது குருபரம்பரைச் செய்தி. எல்லாவற்றையும் துறந்து திருவரங்கம் போகும் வழியில், காட்டில் பயமாயிருக்கிறது என்றார் மனைவி ஆண்டாள். மடியில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார் ஆழ்வான். நீர் அருந்துவதற்கு ஒரு பொன்வட்டில் இருந்தது. வாங்கி வீசி எறிந்தார். கூரத்துக் குழந்தைகள் இன்றும் சாப்பாட்டு நேரத்தில் கிண்ணத்தை வீசி எறிவது இந்த மரபின் தொடர்ச்சி என்றே கொள்ள வேண்டும். உலோகம் மட்டும் பொன்னிலிருந்து எவர்சில்வருக்கு இறங்கியிருக்கிறது.

அளவை குறித்தும் அதே குடும்பத்தில் ஆதாரம் கிடைக்கிறது. ஆழ்வானின் மகன் பராசர பட்டர் சிறுவனாக இருந்தபோது, எல்லாம் அறிந்தவன் என்று விருது ஊதிவந்த ஒரு பண்டிதரிடம் கை நிறைய மண்ணை அள்ளி நீட்டி, இது எவ்வளவு என்று கேட்டார். பண்டிதர் விழித்தார். ஒரு பிடி என்று சொல்லத் தெரியாதா என்றது பிள்ளை. உலக சுகாதார நிறுவனம் கிராமிலும் கலோரியிலும் பேசட்டும். கூரத்துப் பாட்டியின் அலகு ‘வாய்’. “நாலு வாய்கூட உள்ளே போகலை” என்பது அவருடைய அன்றாட அறிக்கை. பிள்ளை தானே அள்ளும்போது ஒரு பிடியில் எத்தனை வாய் என்று கணக்கிட முடியாது. கன்னத்தில் கொஞ்சம், சட்டையில் கொஞ்சம், எறும்புக்குக் கொஞ்சம். அளக்க முடியாததைப் பாட்டி எப்படி ஒப்புக்கொள்வார்?

இலக்கியச் சான்றுகள் பெரும்பாலும் மர்க்கடக் கட்சிக்கே சாதகம். பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய புறநானூற்று 188-ஆம் பாட்டில் குழந்தை நெய்ச்சோற்றை எடுக்கிறது, போடுகிறது, துழாவுகிறது, மேலெல்லாம் பூசிக்கொள்கிறது. ஊட்டுகிற கை அங்கே தென்படவில்லை. வள்ளுவரும் பிள்ளையின் சிறுகை அளைந்த கூழை அமிழ்துக்கு மேலே வைக்கிறார். ஆனால் இரண்டு சாட்சிகளையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கிறது. இருவரும் ஆண்கள், ஒருவர் அரசர். துடைத்தது யார் என்று இருவரும் சொல்லவில்லை. வள்ளுவர் கணக்கில் கூழை ருசித்தவர் தகப்பனார். குழந்தை எவ்வளவு உண்டது என்பதற்குக் குறளில் பதில் இல்லை.

பூனைக் கட்சியின் பிரமாணம் பிள்ளைத்தமிழ். பத்துப் பருவத்தில் சோற்றுக்கென்று ஒரு பருவம் இல்லை. அம்புலிப் பருவம் இருக்கிறது. நிலாவை விளையாட அழைப்பதாக உரையாசிரியர்கள் சொல்வார்கள். எந்தத் தாயும் வேறு காரியம் இல்லாமல் நிலாவை அழைப்பதில்லை. பிள்ளை அண்ணாந்து வாய் பிளக்கும். அந்தக் கணத்தில் ஒரு உருண்டை. இப்போது நிலாவின் வேலையைச் செல்போன் பார்க்கிறது, அமாவாசை விடுமுறைகூட இல்லாமல்.

இந்த நிலையில் பிள்ளைக்கு இரண்டு வயது நிறைகிறது, அங்கன்வாடியில் சேர்க்கிறார்கள். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பிள்ளை இந்த அங்கன்வாடி, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமும் வந்து சேர்ந்தது. அங்கே சாப்பாடு நண்பகலில். நண்பகலில் நிலா கிடையாது. இடுப்பில் தூக்கிக்கொண்டு நாயையும் காக்காயையும் காட்டித் தெருவைச் சுற்ற ஆளும் கிடையாது. கூடம் நிறையப் பிள்ளைகள், ஓர் ஆயா, இரண்டு கை. தட்டில் சாம்பார் சாதம் விழுகிறது. வீட்டில் ஒரு மணி நேரம் தெருவலம் வந்தும் வாயைத் திறக்காத அதே பிள்ளை, பக்கத்துத் தட்டை ஒரு முறை பார்க்கிறது, தன் தட்டில் கையை விடுகிறது. சாயங்காலம் வீடு திரும்பியதும் மறுபடி பூனைக்குட்டியாகிவிடுகிறது. ஒரே நெற்றியில் இரண்டு நாமம்.

இதற்கு வீட்டாரின் பாசமும் அரசின் கண்டிப்பும் காரணம் என்பார்கள். நான் ஏற்கவில்லை. இராமாநுசர் சொல்லச் சொல்ல ஸ்ரீபாஷ்யத்தை எழுதும்போது கூரத்தாழ்வான் தமக்கு உடன்பாடில்லாத இடத்தில் எழுத்தாணியை நிறுத்திவிடுவாராம். இந்த இடத்தில் நானும் நிறுத்துகிறேன். காரணம் பாவு. காஞ்சியைச் சுற்றிய ஊர்களில் தறி இருக்கிற வீட்டில் கூடம்தான் பட்டறை. குழித்தறியில் பட்டுப்பாவு நீட்டிக் கட்டியிருக்கும். ஊடை சுற்றிய தார் பக்கத்தில் கிடக்கும். வெள்ளி இழையில் தங்கம் ஏற்றிய சரிகை இருக்கும். மஞ்சளும் எண்ணெயும் அப்பிய ஒரு சிறுகை தவழ்ந்துபோய் அந்தப் பாவைத் தொட்டால், பல நாள் உழைப்பு கறையாகிவிடும். அந்த வீட்டில் பிள்ளைக்கு ஊட்டுவது செல்லம் கொடுப்பதல்ல, சரக்குக் காப்பு. அங்கன்வாடியில் இருப்பது சிமெண்டுத் தரையும் ஒரு வாளித் தண்ணீரும். ஆகவே என் சூத்திரம்: குழந்தையின் கைச் சுதந்திரம், கைக்கெட்டும் தூரத்திலுள்ள பொருளின் விலைக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும். சீமையில் இதே காரணத்துக்காகத்தான் நாற்காலிக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்புப் போடுகிறார்கள்.

வெளிநாட்டு ஆதாரம் கேட்பவர்களுக்காக: 1920-களில் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர், பால் மறந்த குழந்தைகளின் முன்னால் விதவிதமான உணவுகளைப் பரப்பிவைத்தார். பிள்ளை கை நீட்டினால் மட்டுமே செவிலியர் கரண்டியை எடுக்கலாம், சிபாரிசு கூடாது. குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தன. ஆனால் அந்த வரிசையில் மிட்டாய் ஒன்றுகூட இல்லை. கையைத்தான் விட்டாரே தவிர, தட்டை அவர் விடவில்லை. நியூசிலாந்தில் 206 குடும்பங்களை வைத்து நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது: தானே தின்ற பிள்ளைகளுக்கும் ஊட்டப்பட்ட பிள்ளைகளுக்கும் எடையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. பாட்டிகள் இதைத் தங்கள் வெற்றி என்கிறார்கள். மருமகள்கள் தங்கள் வெற்றி என்கிறார்கள்.

தொண்டையில் சிக்குமே என்பது பாட்டியின் கடைசி ஆயுதம். இதில் மட்டும் வேடிக்கை இல்லை. ஓக்காளம் சத்தத்தோடு வரும், பெரும்பாலும் தானே சரியாகும். மூச்சடைப்பு சத்தமில்லாமல் வரும். உச்சந்தலையில் தட்டி “யாரோ நினைக்கிறாங்க” என்பது முதலாவதற்கு இதம், இரண்டாவதற்கு உதவாது. முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் எந்தக் கலைப் பிள்ளைக்கும் ஆகாது. பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரே ஒரு ஐயம் பாக்கி. அங்கன்வாடியில் முட்டை போடுகிற நாளில் மர்க்கட நியாயம் இடறுகிறது. வேகவைத்த முட்டையை இரண்டு வயதுப் பிள்ளை பற்றுகிறது, உருட்டுகிறது, பக்கத்துப் பிள்ளையின் தலையில் தட்டிப் பார்க்கிறது. ஓடு மட்டும் போவதில்லை. உரித்துத் தருவது ஆயா. ஒவ்வொன்றாக, வரிசையின் கடைசி வரைக்கும். அதுவரை குரங்குக் குட்டிகள் எல்லாம் கையை மடியில் வைத்துக்கொண்டு ஆயாவின் கையையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கின்றன. மஞ்சள் கரு பிடிக்காத பிள்ளை அதை யாருக்கும் தெரியாமல் பக்கத்துத் தட்டுக்கு மாற்றுவது எந்த நியாயத்தில் சேரும் என்று இரு கலையாரும் இன்னும் சொல்லவில்லை.