மார்ஜின் விட்டானா?

சித்தப்பா சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஏழிலிருந்து பத்து வரை அவர் வீட்டு டிவி சித்தியின் அனுபவத்தில் இருக்கிறது. அடுத்தவர் சொத்தை 12 வருஷம் ஆட்சேபணை இல்லாமல் அனுபவித்தாலே பாத்தியதை வந்துவிடும், சித்தி இருபதைத் தாண்டிவிட்டாள், இனி கேஸ் போட்டாலும் நிற்காது என்பார்.

இப்படிப் பேசுகிறவர் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. பாளையங்கோட்டை கோர்ட்டில் ஒரே சீனியரிடம் 38 வருஷம் இருந்தார். கேஸ் கட்டுத் தைக்கிற ஊசியும் நூலும் இன்னமும் அவருடைய மஞ்சள் பையில் கிடக்கும். 'ஹியரின்அபவ்', 'வித்தவுட் பிரெஜுடிஸ்' எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் எழுத்துக் கூட்டிச் சொல்வார். வெள்ளைக்காரன் எதிரே வந்து சாப்பிட்டாச்சா என்று கேட்டால்தான் புரியாது. ஊரில் பாதிப் பேருக்கு இலவசமாகச் சட்டம் சொல்லுவார். பழைய வீட்டு ஓனர் திருப்பித் தராமல் வைத்திருக்கிற என் 40,000 ரூபாய் அட்வான்ஸைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதுக்கு வக்கீலப் பாருடே" என்று நழுவிவிடுவார்.

"வக்கீல் கதை ஒண்ணு இருக்கு சித்தப்பா, பாப்போமா?" என்று ஒரு நாள் 'பெட்டர் கால் சால்' முதல் சீசனைப் போட்டேன். 2015 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஏஎம்சி சேனலில் வந்தது, மொத்தம் 10 எபிசோட். அதற்கு முன்னால் 'பிரேக்கிங் பேட்' என்றொரு தொடர் வந்தது. அதில் போதைப்பொருள் காய்ச்சுகிற கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு சால் குட்மேன் என்று ஒரு கோணல் வக்கீல் உண்டு. அவன் அப்படி ஆவதற்கு முந்தைய கதைதான் இது. அதை எடுத்த வின்ஸ் கில்லிகன் இதற்கு பீட்டர் கூல்டையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். வருஷம் 2002, ஊர் நியூ மெக்சிகோவில் ஆல்பகர்க்கி, ஆள் பெயர் ஜிம்மி மெக்கில்.

ஆரம்பமே சரியில்லை. கறுப்பு வெள்ளையில் மீசைக்காரன் ஒருவன் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தான். பிற்காலத்தில் சால் தலைமறைவாக ஒமாஹாவில் பன் கடையில் வேலை பார்க்கிற காட்சி. சித்தப்பா எழுந்துபோய் டிவியின் பின்னால் ஒயரை ஆட்டிப் பார்த்தார். "கலர் போயிட்டு. வக்கீலக் காட்டுதேன்னு கூப்பிட்டுட்டு பன் சுடுதவனக் காட்டுத."

கலர் வந்ததும் கோர்ட் வந்தது. ஜிம்மி எழுந்து பேசினான் பாருங்கள், அடடா. பத்தொன்பது வயதில் யார்தான் தப்புச் செய்யவில்லை என்று ஜூரியின் நெஞ்சைத் தொடுகிற மாதிரி ஏற்ற இறக்கத்தோடு நடந்து நடந்து பேசினான். பராசக்தி காலத்திலிருந்து கோர்ட் சீன் பார்த்து வளர்ந்த எனக்குக் கை தட்டலாம் போலிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் வாயே திறக்கவில்லை. எழுந்தார், ஒரு டிவியைத் தள்ளிக்கொண்டு வந்தார், வீடியோவைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். பையன்கள் மூன்று பேரும் பிணவறைக்குள் புகுந்து ஒரு பிணத்தின் தலையை அறுத்தெடுத்ததைத் தாங்களே படம் பிடித்திருக்கிறார்கள். அதோடு ஜிம்மியின் சொற்பொழிவு முடிந்தது.

சித்தப்பா முதல் தடவையாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "இவன்தான் கோர்ட்டப் பாத்து எடுத்திருக்கான்" என்றார். அவர் சீனியர் கோர்ட்டில் வாய் திறந்து பேசியதையெல்லாம் கூட்டினால் மாதத்துக்கு ஒரு மணி நேரம் தேறாது, மிச்சமெல்லாம் வாய்தாதானாம்.

அடுத்து சம்பளம். கவர்ன்மெண்ட் ஏற்பாட்டில் வாதாடியதற்கு ஜிம்மிக்குக் கிடைத்த செக் 700 டாலர். ஆளுக்கு 700 என்று நினைத்திருந்தவன் மூன்று பேருக்கும் சேர்த்தே அவ்வளவுதான் என்றதும் கவுண்டரில் சண்டை போடுகிறான்.

"முதல்லயே தலைக்கு இவ்வளவுன்னுல்லா பேசியிருக்கணும்" என்றார் சித்தப்பா, சிலேடை எதுவும் உத்தேசிக்காமல்.

ஜிம்மியின் கார் மஞ்சள் நிற சுசுகி எஸ்டீம், ஒரு கதவு மட்டும் வேறு நிறம். (நம் ஊர் மாருதி எஸ்டீம் வேறு. அங்கே எஸ்டீம் என்று விற்றதுதான் இங்கே பலேனோ என்று வந்தது. காருக்கும் புனைபெயர்.) ஆபீஸ், நகம் வெட்டி வர்ணம் பூசுகிற ஒரு அழகு நிலையத்தின் பின்கட்டு. கோர்ட் பார்க்கிங்கை விட்டு வெளியே வர ஸ்டிக்கர் வேண்டும். ஜிம்மியிடம் ஒருநாளும் போதுமான ஸ்டிக்கர் இருக்காது. கூண்டுக்குள் மைக் என்று வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வக்கீல் எவ்வளவு கத்தினாலும் அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. ஸ்டிக்கர் இல்லையா, காசைக் கட்டு.

சித்தப்பா உடனே மைக் கட்சி. "ஜட்ஜைப் பகைச்சா அப்பீல் இருக்கு. பெஞ்ச் கிளார்க்கையும் டவாலியையும் பகைச்சா அப்பீலே கிடையாது" என்றார். ஆறாவது எபிசோடில் ஜிம்மி பேருக்குத்தான் வருகிறான். முழுக்க மைக்கின் கதை, ஃபிலடெல்ஃபியா போலீசில் இருந்தவர், மகனைப் பறிகொடுத்தவர். அந்த வருஷம் ஜோனதன் பேங்க்ஸுக்கு எம்மி பரிந்துரையும் வந்தது. சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஸ்டிக்கர் வாங்குதவனுக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருக்கான். நம்ம ஆளுக எவனாவது டவாலிக்கு ஒரு நிமிஷம் கொடுப்பானா?" என்றார்.

ஆனால் அவரை ஜிம்மி பக்கம் இழுத்தது இரண்டாவது எபிசோடில் வந்த பாலைவனம். ஸ்கேட்போர்டு வைத்து ஏமாற்றுகிற இரட்டையர்கள் தெரியாத்தனமாக டூகோ என்ற ரவுடியின் பாட்டியிடம் வாலாட்டி மாட்டிக்கொள்கிறார்கள். ஜிம்மியையும் சேர்த்து நடுப் பாலைவனத்தில் கட்டிப் போட்டிருக்கிறது. டூகோ கொல்லுவேன் என்று நிற்கிறான். ஜிம்மிக்குக் கட்டு அவிழ்ந்துவிட்டது, போகலாம். போகாமல் பேரத்தை ஆரம்பிக்கிறான். கொலை வேண்டாம், அதிகம். நாக்கை அறுக்கவா? அதுவும் அதிகம். குற்றம் எவ்வளவோ தண்டனையும் அவ்வளவுதானே இருக்க வேண்டும்? கடைசியில் ஆளுக்கு ஒரு கால், ஆறு மாதத்தில் எலும்பு கூடிவிடும் என்று படிந்தது. முறித்தும் விட்டார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது ஒருவன், உன்னை மாதிரி மோசமான வக்கீலைப் பார்த்ததில்லை என்று அழுகிறான். மரண தண்டனையை ஆறு மாதமாகக் குறைத்திருக்கிறேன், என்னை விட நல்ல வக்கீல் எவனடா என்கிறான் ஜிம்மி.

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அவசரப்பட்டுட்டான். சுளுக்குல முடிச்சிருக்கலாம்" என்றாள். அவளை நம்பித்தான் நான் காய்கறிக் கடைக்குப் போவதே இல்லை.

ஜிம்மிக்கு ஒரு அண்ணன், சக். பெரிய வக்கீல் கம்பெனியில் பங்குதாரர், சட்டத்தில் கரை கண்டவர். மின்சாரம் பக்கத்தில் இருந்தாலே உடம்பு எரிகிறது என்று வீட்டில் கரண்டையே துண்டித்துவிட்டு விளக்கு வெளிச்சத்தில் இருக்கிறார். வருகிறவர்கள் செல்போனை வாசல் தபால்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஃப்ரிட்ஜ் இல்லாததால் ஐஸ் வாங்கிப் போடுவதிலிருந்து பேப்பர் கொண்டுவருவது வரைக்கும் தம்பிதான். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அவருக்குத் தெரியாமல் கட்டிலின் ஸ்விட்சைப் போட்டுப் பார்க்கிறார், மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. சித்தப்பா மட்டும் அந்த வீட்டைப் பார்த்து ஏங்கினார். "ஏழு மணிக்கு மேல டிவி ஓடாத வீடு" என்றார்.

பிறகு ஜிம்மி வயசாளிகளுக்கு உயில் எழுதுகிற தொழிலில் இறங்கினான். 'மேட்லாக்' என்ற பழைய வக்கீல் சீரியலில் ஆண்டி கிரிஃபித் போட்டுவருகிற வெளிர் நிற சூட் மாதிரியே ஒன்றை மாட்டிக்கொண்டான், கிழவிகளுக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு. முதியோர் இல்லத்தில் ஜெல்லி கிண்ணங்கள் கொடுத்தான். தின்று முடித்தால் அடியில் அவன் விளம்பரம் தெரியும். உயிலுக்கு 140 டாலர். தன் பீங்கான் பொம்மைகள் ஒவ்வொன்றும் யாருக்குப் போக வேண்டும் என்று ஒரு பாட்டி மூச்சு விடாமல் சொல்லச் சொல்ல இவன் எழுதினான். சித்தப்பா பார்த்த உயில்களில் ஈயம் பூசின அண்டாவுக்கு மட்டும் தனி ஷரத்து போட்டது உண்டாம். அந்த அண்டா கேஸ் இன்னும் நடக்கிறது என்றார்.

அந்த உயில் எபிசோடின் தலைப்பு சமாச்சாரமும் அவரிடம் சொன்னேன். இந்த சீசனில் மற்ற ஒன்பது தலைப்புகளும் 'ஓ' சத்தத்தில் முடியும். இதற்கும் 'ஜெல்-ஓ' என்றுதான் வைத்தார்கள், அது ஒரு கம்பெனியின் பெயர் என்பதால் மாற்ற வேண்டியதாயிற்று. "அப்போ அங்கயும் ஒரு குமாஸ்தா முழிச்சிருந்திருக்கான்" என்று சந்தோஷப்பட்டார்.

எட்டாவது எபிசோடுக்கு சித்தப்பா பதினைந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். முதியோர் இல்லத்துக்காரர்கள் கிழவர்களிடம் கண்டதற்கெல்லாம் கூடுதலாகப் பிடிக்கிறார்கள் என்பதை ஜிம்மி பில்லைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறான். விஷயம் தெரிந்ததும் அவர்கள் உள்ளே பேப்பரையெல்லாம் மெஷினில் போட்டுக் கிழிக்கிறார்கள். ஜிம்மிக்கு உடனே நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். கையில் பேப்பர் இல்லை. கக்கூசுக்குள் போய் உட்கார்ந்து டாய்லெட் பேப்பரில் எழுதுகிறான். எழுதிக்கொண்டு வந்து நீட்டவும் செய்கிறான்.

சித்தப்பா "நிறுத்து, நிறுத்து" என்றார். நிறுத்தினேன். டிவிக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"மார்ஜின் விட்டானா?"

"சித்தப்பா, அது டாய்லெட் பேப்பர்."

"எந்தப் பேப்பரா இருந்தா என்னடே? இடது பக்கம் இடம் விடலன்னா எங்க தைக்கிறது? ரிட்டர்ன் பண்ணிருவான்."

38 வருஷத்தில் அவர் ஃபைல் செய்த எதுவும் மார்ஜின் இல்லை என்று திரும்பியதில்லை. இந்தத் தொடருக்கு ஆறு சீசனிலும் சேர்த்து 53 எம்மி பரிந்துரை வந்தும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று பிற்பாடு சொன்னபோது, "அம்பத்திமூணும் ரிட்டர்னா? மார்ஜின்தாம்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

ராத்திரி ஜிம்மி குப்பைத் தொட்டிக்குள் இறங்கி, கிழிந்த பேப்பர்களைக் கண்டுபிடித்து அண்ணன் வீட்டில் கொண்டுவந்து கொட்டுகிறான். இடியாப்பம் மாதிரி இழை இழையாகக் கிடக்கிறது. அதை ஒட்ட வைக்க முயன்று அவன் தூங்கிப்போக, விடிவதற்குள் அண்ணன் சேர்த்துவிடுகிறார். தரையெல்லாம் இழைகள் பரப்பி வைத்திருந்த அந்தக் காட்சி ஓடும்போது சித்தப்பாவின் விரல்கள் தொடையின் மேல் அசைந்துகொண்டிருந்தன, பக்க எண் போடுகிற மாதிரி.

அதே எபிசோடின் தொடக்கத்தில் ஒரு பழைய கதை வருகிறது. ஜிம்மி அண்ணன் கம்பெனியில் தபால் பிரிக்கிற பையன். தள்ளுவண்டியில் ஒவ்வொரு மேஜையாகக் கடிதம் கொடுக்கிறவன். யாருக்கும் தெரியாமல் அஞ்சல் வழியில் சட்டம் படித்து, பரீட்சை எழுதி, பாஸாகிவிட்டான். படித்தது அமெரிக்கன் சமோவா பல்கலைக்கழகம். நிஜத்தில் அப்படி ஒரு பல்கலைக்கழகம் கிடையாது, கதைக்காக வைத்தது.

"தபால்ல சட்டமா? நம்ம பார் கவுன்சில் ஒத்துக்கிடாது" என்றார் சித்தப்பா. குரலில் பழைய வேகம் இல்லை.

தபால் அறையில் கேக் வெட்டிக் கொண்டாடுகிறார்கள். பங்குதாரர் ஹோவர்ட் உள்ளே வந்து, மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துகிறார். உனக்கு இங்கே வக்கீல் வேலை இல்லை என்று சொல்கிறார் போல. அது நம் காதில் விழாது. ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம்தான் கேட்கிறது. ஜிம்மியின் சிரிப்பு மெல்ல மெல்ல வடிவதை மட்டும் பார்க்கலாம்.

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். பி.யூ.சி.யோடு வேலைக்குச் சேர்ந்தவர், அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தார், அதற்கப்புறம் சட்டக் கல்லூரி விண்ணப்பம் ஒன்று வாங்கி வைத்திருந்தார் என்று அப்பா எப்போதோ சொல்லியிருக்கிறார்.

"அந்த மெஷின்ல பக்கத்துக்கு எவ்வளவு வாங்குதான்?" என்றார் சித்தப்பா.

ஒன்பதாவது எபிசோடில் உண்மை வெளியே வருகிறது. தம்பியைச் சேர்க்காதே என்று அத்தனை வருஷமும் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர் அண்ணன்தான். முதியோர் இல்லக் கேஸ் பெரிதானதும் அண்ணன் கம்பெனி அதை எடுத்துக்கொள்கிறது. ஜிம்மிக்கு 20,000 டாலரும் வருகிற பணத்தில் பங்கும் தருகிறார்கள், நாற்காலி மட்டும் இல்லை. அதையும் சொல்லிக்கொடுத்தது சக்தான். ராத்திரி யாரும் பார்க்காத நேரத்தில் அந்த மின்சார நோயாளி தபால்பெட்டியைத் திறந்து, தம்பியின் செல்போனை எடுத்துப் பேசியிருக்கிறார். ஜிம்மி நேருக்கு நேர் கேட்கும்போது, நீ நிஜமான வக்கீலே இல்லை என்கிறார். உன் கையில் சட்டம் இருப்பது குரங்கு கையில் துப்பாக்கி இருக்கிற மாதிரி என்கிறார். நான் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. சித்தப்பாவும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கே போய்விட்டார், சித்தியின் சீரியல் இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருந்தபோது.

இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார். கடைசி எபிசோடில் இன்னொரு பெரிய கம்பெனி ஜிம்மியைக் கூப்பிடுகிறது. அவன் கோர்ட் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, பார்க்கிங் கூண்டில் மைக்கிடம் பேசிவிட்டுப் பாட்டு முணுமுணுத்தபடி காரை எடுத்துக்கொண்டு போகிறான். இனி அவன் யாருக்கும் நல்ல பிள்ளையாக இருக்கப் போவதில்லை.

சித்தப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மஞ்சள் பையிலிருந்து மடித்த பேப்பர்களை எடுத்து என்னிடம் நீட்டினார். பழைய வீட்டு ஓனருக்கு நோட்டீஸ். வாடகை ஒப்பந்தத் தேதி, காலி செய்த தேதி, வெள்ளையடித்த கணக்கில் பிடித்தது, வரவேண்டிய 40,000, பதினைந்து நாள் கெடு, தவறினால் வட்டியும் செலவுத் தொகையும். எல்லாம் அவர் கையெழுத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. இடது பக்கம் இரண்டு விரல்கடை மார்ஜின்.

கடைசிப் பக்கத்தின் அடியில் 'வழக்கறிஞர்' என்று எழுதி, மேலே ஒரு கோடு போட்டிருந்தார். கோட்டின் மேல் வெறுமையாக இருந்தது.

"கையெழுத்துப் போட மட்டும் ஒரு ஆளு வேணும். ஜூனியர் பய எவனாவது போடுவான். காபிக்குக் காசு கொடுத்திரு."