சிம்பாவுக்கு வயித்தால போகுதாம்

உன் பூனைக்குட்டிக்கு சென்சிட்டிவ் வயிறுன்னு யாருட்டி சொன்னது? டாக்டரா, தீனிக்கடைக்காரனா? கடைக்காரன்னா அவன் சொன்னதுல தப்பே இல்ல. அந்தப் பேரு போட்ட மூட்டைதான அவன் கடையில விலை கூடுனது.

நான் மாட்டாஸ்பத்திரியில கம்பவுண்டரா கெடந்து ரிட்டயர் ஆனவன். ஆட்டுக் கழிச்சல், மாட்டு உப்புசம், கோழிக்கு வெள்ளைக் கழிச்சல்னு பாத்துப் பாத்தே தலை நரைச்சவன். அதனால நீ குட்டி போனதைப் போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்புல அனுப்பினதுல எனக்கு வருத்தம் கிடையாது. காப்பி குடிக்கிற நேரத்துல அனுப்பினதுதான் வருத்தம்.

போட்டோவை விடு, உன் வாயாலயே சொன்ன கணக்கைச் சொல்லுதேன். குட்டிக்கு வயசு ரெண்டரை மாசம். பேரு சிம்பா, சிங்கத்தோட பேரு, ஆளு எலிப்பொறியில அடங்கும். வித்தவன் குடுத்து விட்ட தீனி ரெண்டு நாளைக்கு. அது மட்டமான கம்பெனின்னு ஆபீஸ்ல ஒருத்தி சொல்லவும் வேற மூட்டை. அது தின்னலைன்னு பாக்கெட் கிரேவி. நடுவுல ஆவின் பால், தயிர் சாதம், டப்பா சூரை மீன். கடைசியா 'கிரெயின் ஃப்ரீ, சென்சிட்டிவ்'னு பொன்னெழுத்துல அச்சடிச்ச மூட்டை. ஒரு வாரத்துக்குள்ள இத்தனையும் உள்ள போனா எனக்கே வயித்தால போகும்ட்டி. கோளாறு குட்டி வயித்துல இல்ல, உன் கையில. ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது.

முதல்ல அந்தப் பாலை நிறுத்து. பூனைன்னா பால்ங்கிற நினைப்பு நம்ம ரத்தத்துலயே ஊறிப்போச்சு. உங்க அப்பத்தா இருந்தாலும் கிண்ணத்தைத்தான் நீட்டியிருப்பா. தாய்கிட்ட குடிக்கிற வரைக்கும், பால்ல உள்ள சர்க்கரையைச் செரிக்கக் குட்டியோட குடல்ல லாக்டேஸ்னு ஒரு சரக்கு ஊறும். நாலு வாரத்துல தாய் உதற ஆரம்பிக்கும், எட்டு வாரத்துல குட்டி பால்குடி மறந்துரும். அதோட அந்தச் சரக்கும் வத்த ஆரம்பிக்கும். பசும்பால் நூறு மில்லியில அஞ்சு கிராம் கிட்ட அந்தச் சர்க்கரைதான். செரிக்காம பெருங்குடலுக்குப் போனது, தண்ணியை இழுத்து வச்சு, புளிச்சு, நுரைச்சு, உன் சோபா மேல வந்து இறங்குது.

தெனாலிராமன் கதை தெரியும்லா? ராஜா ஆளுக்கொரு பூனையும், அதுக்குப் பால் குடுக்க ஒரு மாடும் குடுத்தாரு. ஊரே பாலை ஊத்தி ஊத்திப் பூனையைக் கொழுக்க வச்சுது. இவன் மட்டும் கொதிக்கிற பாலை வச்சு வாயைச் சுட்டு விட்டான். அன்னைக்கோட அந்தப் பூனை பாலைக் கண்டாலே ஓட்டம். பாலெல்லாம் இவன் வீட்டுக்கு. கதை சொல்லுதவங்க அவனைப் போக்கிரிம்பாங்க. என்னைக் கேட்டா, அந்த ராஜ்ஜியத்துலயே வயித்தால போகாத பூனை அது ஒண்ணாத்தான் இருந்திருக்கும். வாயைச் சுட்டது மட்டும் பாவம்.

பாலுல சீனி வேற போட்டியாம்ல? பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாதுட்டி. 2005-ல அமெரிக்காவுல பிலடெல்பியாவுல இருக்கிற மோனெல் ஆய்வு நிலையத்துக்காரங்க கண்டுபிடிச்சுச் சொன்ன விஷயம் இது. இனிப்பை அறியிறதுக்கு ரெண்டு ஜீன் சேந்து வேலை செய்யணும். பூனைக்கு அதுல ஒண்ணு பழுது. புலிக்கும் அப்படித்தான். நீ போட்ட சீனி எறும்புக்குத்தான் ஆச்சு.

இதைக் கேட்டா உங்க பெரியப்பன் குறுக்க விழுவான். "எங்க காலத்துல பூனைக்குத் தீனியா வாங்குனோம்? மீன் முள்ளும் பழைய சோறும் தின்னுட்டுத் திடமா திரியும்"னு பீத்துவான். நம்பாதே. ஈத்துக்கு அஞ்சு குட்டி போட்டா மழைக்காலம் கழியும்போது ரெண்டு மிஞ்சும். கழிஞ்சு செத்ததைக் குப்பைமேட்டுல எறிஞ்சுட்டு, மிஞ்சினதைக் காட்டிப் பெருமை பேசுதான். செத்த குட்டிக்கு எவன் கணக்கு எழுதினான்? அந்த மிஞ்சின ரெண்டும் உங்க பெரியப்பன் போட்ட சோத்துலயா வளந்துச்சு? ராத்திரி குதிர் ஓரத்துல எலி புடிச்சுத் தின்னு வளந்துச்சு. எலிக்குள்ள கறி, எலும்பு, ஈரல், தண்ணி எல்லாம் பூனைக்கு வேண்டிய பதத்துல இருக்கு. மயிலாப்பூர் மூணாம் மாடியில நீ எலிக்கு எங்க போவே?

அங்கதான் சிக்கல். நீ குடியிருக்கிறது 'வெஜிடேரியன் ஒன்லி' வீடு. ஹவுஸ் ஓனரம்மா முட்டை ஓட்டைப் பாத்தாலே அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துருவா. அவளுக்குப் பயந்து குட்டிக்குத் தயிர் சாதம் பிசைஞ்சு வச்சே. மாமல்லபுரத்துல அர்ச்சுனன் தபசுப் பாறையைப் பாத்திருக்கேல்லா? அதுல ஒரு பூனை முன்னங்கால் ரெண்டையும் தலைக்கு மேல தூக்கித் தபசு பண்ணும், காலடியில எலிங்க. பல்லவன் காலத்துச் சிற்பிக்கே தெரிஞ்சிருக்கு, பூனை விரதம் இருந்தா அது எந்த விரதம்னு.

பூனைக்கு டாரின்னு ஒரு சத்து வேணும். நம்ம உடம்பு அதைத் தானே செஞ்சுக்கும். பூனை உடம்பால போதுமான அளவு செய்ய முடியாது. கறியிலயும் மீன்லயும் இருந்துதான் வரணும். குறைஞ்சா கண்ணு கெடும், இதயம் வீங்கித் தளந்துரும். 1987-ல கலிபோர்னியா பல்கலைக்கழகத்து டேவிஸ் வளாக டாக்டர்மாரு இதைக் கண்டுபிடிச்சப்போ, இதயம் வீங்கின பூனைங்க தின்னது தயிர் சாதம் இல்ல, கடையில வித்த பூனைத் தீனி. அதுக்கப்புறம்தான் கம்பெனிக்காரங்க டாரினைக் கூட்டிப் போட்டாங்க. கம்பெனித் தீனிக்கே அந்தக் கதின்னா, உன் தயிர் சாதம் எம்மாத்திரம்? பக்கத்து வீட்டு நாய்த் தீனியையும் போடாதே. நாய்க்கு ஒத்துக்கிட்டது பூனைக்குப் பத்தாது.

இனி மூட்டை வாங்குற வித்தை. முன்பக்கம் மாப்பிள்ளை போட்டோ, பின்பக்கம்தான் ஜாதகம். முன்னால பளபளன்னு ஒரு பெர்சியன் பூனை சிரிச்சுக்கிட்டு இருக்கும். அதுக்கும் உள்ள இருக்கிற தீனிக்கும் சம்பந்தம் இல்ல. திருப்பு. முதல்ல 'கிட்டன்', 'குரோத்', இல்ல 'ஆல் லைஃப் ஸ்டேஜஸ்' இதுல ஒண்ணு இருக்கான்னு பாரு. அந்தப் பொன்னெழுத்து மூட்டையை இப்பவே எடுத்துப் பாரு, நான் லைன்லயே இருக்கேன். 'அடல்ட் 1+'னு போட்டிருக்கா? நினைச்சேன். சென்சிட்டிவ்னு விக்கிறதுல முக்கால்வாசி வளந்த பூனைக்கு ஆனது. சம்பளத்துல பாதியைக் குடுத்து, ரெண்டரை மாசக் குட்டிக்குக் கிழவன் சாப்பாடு வாங்கிட்டு வந்திருக்கே.

அடுத்து 'கம்ப்ளீட்'னு இருக்கணும். 'காம்ப்ளிமென்ட்டரி'ன்னு இருந்தா அது தொட்டுக்கிற வகை, சோறு இல்ல. கிரேவி பாக்கெட்டுல நிறைய அந்த ரகம்தான். அப்புறம் பொருள் பட்டியல். எடை கூடுனது முதல்ல, குறைஞ்சது கடைசியில. கோழியோ மீனோ முதல்ல நிக்கணும். 'வித் சிக்கன்'னு எழுதியிருந்தா மயங்காதே. அமெரிக்க விதிப்படி அப்படி எழுத நூத்துக்கு 3 பங்கு கோழி இருந்தாப் போதும். 'சிக்கன் ஃப்ளேவர்'னா கோழி அந்தப் பக்கமா நடந்து போயிருக்கும், அவ்வளவுதான்.

நீ பி.இ. படிச்சவ, ஒரு கணக்குப் போடு. மூட்டைத் தீனியில புரதம் 34, பாக்கெட்டுல 11. எதுல கூட? மூட்டைன்னு சொல்லுவே. பாக்கெட்டுல நூத்துக்கு 80 தண்ணி. மிச்சம் 20, அதுல 11 புரதம். அப்போ காஞ்ச கணக்குல 55. மூட்டையில ஈரம் 10 கழிச்சா 38 கூட வராது. குட்டிக்குக் காஞ்ச கணக்குல 30-க்குக் கீழ போகக் கூடாது. வயித்தால போற குட்டிக்குத் தண்ணி உள்ள போறதும் நல்லதுதான், அதனால 'கம்ப்ளீட்' போட்ட கிட்டன் பாக்கெட் நல்ல சரக்கு. ஹவுஸ் ஓனரம்மாவுக்கு மணக்குமான்னு கேக்கியா? மணக்கும். ஊதுவத்தி வாங்கி வச்சுக்கோ.

'கிரெயின் ஃப்ரீ'க்குக் குடுத்த காசு சும்மா குடுத்தது. பூனைக்குத் தீனி ஒவ்வாமைன்னு வந்தா பெரும்பாலும் மாட்டுக்கறி, மீன், கோழி இதுலதான் வரும். அரிசி, கோதுமையில வர்றது அபூர்வம். நிசமாவே ஒவ்வாமைன்னு டாக்டர் சந்தேகப்பட்டா, குட்டி அதுவரைக்கும் தின்னாத ஒரே ஒரு கறி, வாத்தோ முயலோ உள்ள தீனியைக் குடுத்து வாரக்கணக்குல பாப்பாரு. அந்த நாள்ல வேற ஒரு துணுக்கு உள்ள போகக் கூடாது. உன்னால அது முடியுமாங்கிறதுதான் என் கவலை.

வீட்டுலயே செஞ்சு போடலாமான்னு உங்க அம்மா கேக்கா. உப்பு, காரம், எண்ணெய் இல்லாம வெந்த கோழி ஒண்ணு ரெண்டு நாளைக்குச் சரி. வெங்காயம், பூண்டு போட்ட சாறு கூடவே கூடாது. பூனை ரத்தத்துல சிவப்பணுவை அது உடைக்கும். வெந்த கோழியையே மாசக்கணக்குல போட்டாலும் தப்பு. வெறும் கறியில சுண்ணாம்புச் சத்து கிடையாது. வளர்ற குட்டிக்கு எலும்பு வலுக்காம, குதிச்சா ஒடியும். பச்சை மீனும் வேண்டாம். சில மீன்ல பி1 வைட்டமினை அழிக்கிற சரக்கு இருக்கு; வெந்தாத்தான் அது சாகும்.

எதை வாங்கினாலும் மாத்துறதைப் பைய மாத்து. இப்போ ஒத்துக்கிட்டது எதுவோ அதுல முக்கா பங்கு, புதுசு கா பங்கு, ரெண்டு நாளைக்கு. அப்புறம் பாதிக்குப் பாதி. அப்புறம் புதுசு முக்கா. வாரம் பத்து நாள் ஆகும். மூட்டையில போட்ட அளவைப் பாத்து நாலு வேளையாப் பிரிச்சு வை. கூடத் தின்னாலும் வயித்தால போகும், தெரிஞ்சுக்கோ. 'தின்ன மாட்டேங்குது தாத்தா'ன்னு அரை நாள்ல அடுத்த பாக்கெட்டைக் கிழிச்சா திரும்ப முதல்ல இருந்துதான்.

ஆனா இத்தனையும் ரெண்டாவது வேலை. முத வேலை, பூச்சி மருந்து குடுத்தியான்னு பாக்குறது. பேச்சே வரல பாரு! உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாவே குட்டிக்கு இறங்கும். பிறந்து மூணு வாரத்துல ஆரம்பிச்சு, பால்குடி மறக்கிற வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மருந்து குடுக்கணும்னு கணக்கு. வித்தவன் குடுத்தானான்னு நீ கேக்கல, அவனும் சொல்லல. புழு இருந்தா வயிறு உப்பும், முதுகு எலும்பு தெரியும், எந்த நாட்டு மூட்டையைப் போட்டாலும் கழியும். ஜியார்டியா, காக்சிடியான்னு கண்ணுக்குத் தெரியாத பயலுகளும் உண்டு. அதை மைக்ராஸ்கோப்புல பாத்துத்தான் சொல்ல முடியும். தடுப்பூசி போடாத குட்டி கழிச்சலோட வாந்தியும் எடுத்துச் சுருண்டு படுத்தா, பூனைக்கு வர்ற பார்வோ வைரஸா இருக்கலாம். அது ஒரே நாள்ல குட்டியைக் கொண்டு போயிரும்.

இதுவரைக்கும் கேலி பண்ணினேன், இதுல கேலி இல்ல. காய்ச்சல் அடிக்குதுன்னு பாராசிட்டமாலைப் பொடிச்சுக் குடுத்துராதே. அந்த மருந்தை முறிக்கிற வழி பூனை ஈரலுக்குச் சரியாக் கிடையாது. ஒரு மாத்திரை வளந்த பூனையையே கொல்லும். பேதியை நிறுத்த நாம போடுற மாத்திரையும் வேண்டாம். மலத்துல ரத்தம், வாந்தி, ஈறு வெளுத்துப் பிசுபிசுப்பு, அரை நாளாத் தீனி தொடலை, இதுல ஒண்ணு இருந்தாலும் விடியிற வரைக்கும் காத்திருக்காதே. குட்டிக்கு உடம்புல சேமிப்பு கிடையாது.

அது எதுவும் இல்லேன்னா காலையில வேப்பேரிக்குப் போ. 1903-ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரி, அதோட ஆஸ்பத்திரி அங்கதான் இருக்கு. அன்னைக்குப் போன புது மலத்தைக் கொஞ்சம் மூடி போட்ட டப்பாவுல எடுத்துக்கோ. போட்டோவை வச்சு யாரும் புழு முட்டை எண்ண முடியாது. தின்ன தீனியெல்லாம் ஒரு தாள்ல எழுதிக்கோ, வெக்கப்படாம எல்லாத்தையும் எழுது. ஆபீஸுக்கு லீவு சொல்லிரு. காரணம் கேட்டா தாத்தாவுக்கு வயித்தால போகுதுன்னு சொல்லு, எனக்கு ஆட்சேபணை இல்ல.