இல்லக் கொல்லிப்பாவை: படியெடுத்தல் குறித்த ஓர் ஆய்வு

திகில் படங்களில் வரும் பொம்மை, முகமூடி, வெட்டுண்ட கை போன்றவற்றைப் பார்த்து அவ்வாறே இன்னொன்றை வீட்டுக் கூடத்தில் செய்துகொள்ளும் கலைக்கு மூலவடிவம் எது என்னும் வினா எழும்போதெல்லாம் அறிஞருலகம் ஹாலிவுட்டையே நோக்கி வந்திருப்பது வருந்தத்தக்கது. 1978இல் வெளிவந்த 'ஹாலோவீன்' படத்தின் கொலையாளி அணிந்தது, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகமூடியை வாங்கி, புருவத்தை நீக்கி, கண்துளையை அகலமாக்கி, வெள்ளை பூசிய மலிவுப் பொருளே ஆகும். அது அச்சுறுத்தத் தொடங்குவதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இன்றைய நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், சிரித்தே ஆளைக் கொல்லும் பாவை ஒன்று காவற்பணியில் இருந்தது. அப்பாவையை, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சென்றடையும் செம்மேட்டுப் பகுதி இல்லமொன்றில் படியெடுத்தல் இயலுமா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். மலைமக்கள் எட்டுக்கை அம்மனாக வழிபடும் திருவுருவம் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இங்கு ஆராயப்படுவது இலக்கியமும் செவிவழி மரபும் காட்டும் பாவை மட்டுமே.

முதற்கண், மூலத்தைப் பற்றிய சான்றுகள் ஒன்றோடொன்று உடன்படுவதில்லை. நற்றிணையின் 192ஆம் பாட்டு அதனைப் பூதம் செய்தது என்க, குறுந்தொகையின் 89ஆம் பாட்டில் பரணர் அதனைத் தெய்வத்தின் கைவினையாகக் காட்டுகிறார். உயரம், அகலம், எடை ஆகியவற்றை இவ்விரு பாட்டுகளும் குறிக்கவில்லை. வல்வில் ஓரியின் மலையில் உள்ள அப்பாவையைக் கபிலர் குறுந்தொகையின் 100ஆம் பாட்டில் தலைவிக்கு உவமையாக்குவதால், அது பேரழகு வாய்ந்தது என்பது பெறப்படும். எனவே கோரைப்பல் வைக்கும் கட்சியார் கொள்கை ஏற்புடையதன்று. அதன் சிரிப்பைக் கண்டவர் பிழைத்ததில்லை என்பது மரபாதலால், புலவர்கள் பாவை வாய்மூடியிருந்த வேளையில் பார்த்திருக்க வேண்டும், அல்லது பாராமலேயே பாடியிருக்க வேண்டும். எவ்வாறாயினும், படியைப் பார்த்து 'இது அதுபோல் இல்லை' என்று சொல்லத் தகுதியுள்ளவர் எவரும் உயிரோடு இல்லை; இல்லச் சிற்பிக்கு இதனினும் பாதுகாப்பான மூலம் வேறு கிடையாது.

செய்முறை மூன்று கட்டங்களை உடையது: களிமண்ணில் உருவைப் பிடித்தல், அதன்மேல் அச்சு எடுத்தல், அச்சினுள் வேறொரு பொருளை இட்டுப் படியைப் பெறுதல். இரண்டாம் கட்டத்துக்குப் பெரிதும் பயன்படுவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அதாவது ஜிப்சத்தைச் சூடாக்கி நீரின் பெரும்பகுதியைப் போக்கிய பொடி. நீர் சேர்ந்ததும் அது மீண்டும் ஜிப்சமாகிச் சூட்டை வெளியிட்டபடியே இறுகும் என்பதால், பெருந்திரளான குழம்பினுள் கையைப் புதைத்துச் சோதிப்பது விலக்கத்தக்கது. இறுகிய அச்சு நெற்றியிலிருந்தும் கன்னத்திலிருந்தும் எளிதில் கழன்றுவிடும். சிரிக்கும் வாயிலிருந்து மட்டும் கழலாது. உதட்டுக்குப் பின்னும் பல்லிடுக்கிலும் குழம்பு புகுந்து கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் இவ்விடத்தை உட்குடைவு என்று குறிக்கலாம். இழுத்தால் அச்சு உடையும், அல்லது உதடு பெயரும். ஆகவே பாவையின் சிரிப்பால் முதலில் மாய்வது அச்சே என்பது இவ்வாய்வின் முதல் முடிபு.

இதற்குச் சிலிக்கோன் ரப்பர் அச்சு மாற்றாகும். வளைந்து கொடுக்கும் தன்மையால் அது பல்லிடுக்கிலிருந்தும் உருவிக்கொண்டு வரும். தன் வடிவில் தானே நில்லாது துவளும் என்பதால் அதற்கு வெளியே பிளாஸ்டரால் ஓர் உறை கட்ட வேண்டும். ஆயினும், கந்தகம் கலந்த மாடலிங் களிமண்ணின்மேல் பிளாட்டின வகைச் சிலிக்கோனை ஊற்றினால், தொட்ட பரப்பு இறுகாமல் பிசுபிசுவென்றே நின்றுவிடும். சுவாமிமலைச் சிற்பியர்போல் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருவமைத்து, மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றினால் உட்குடைவுச் சிக்கலே எழாது. மலைத்தேனுக்குப் பெயர்பெற்ற ஊரில் மெழுகுக்கும் குறைவில்லை. எனினும் வெண்கலத்தை உருக்க ஏறத்தாழ ஆயிரம் பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டியிருப்பதாலும், அதற்குச் சமையலறையின் ஒப்புதல் கிடைப்பது அரிதாதலாலும், காகிதக்கூழே எஞ்சுகிறது. ஊறவைத்த பழைய செய்தித்தாளோடு வெந்தயத்தை அரைத்துச் சேர்த்துக் கூடை செய்த பாட்டிமார் முறை இங்கும் பொருந்தும்; மலையின் மூடுபனிக் காலத்தில் அது உலர மறுத்துப் பூஞ்சை பூப்பதும் உண்டு. அப்பூஞ்சையின் பச்சை நிறத்தை எந்தச் சாயத்தாலும் பெற முடியாது என்பதால், அதனைக் குறையெனக் கொள்ளாமல் ஒப்பனையெனக் கொள்க.

படியின் தரத்தை அளக்கும் முறையையும் பரணரே வகுத்துள்ளார். காற்று மோதி இடித்தாலும், மழை விரைந்து பொழிந்தாலும், இடி சினந்து தாக்கினாலும், வேறு பல கேடுகள் தோன்றினாலும், நிலமே அதிர்ந்தாலும் பாவை தன் அழகிய உரு மாறாது என்பது நற்றிணையின் 201ஆம் பாட்டில் அவர் தரும் செய்தியாகும். இவ்வைந்தினையும் இல்லத்துக்கு ஏற்பக் கொள்ளுமிடத்து, சன்னல்வழி மலைக்காற்று, ஓட்டுக்கூரையின் ஒழுகல், குக்கர் விசில், விடுமுறைக்கு வந்த பிள்ளைகள், பெருக்குவதற்காக மேசையை இழுத்தல் என அமையும். காகிதக்கூழ்ப் பாவை முதல் சோதனையையும் மூன்றாம் சோதனையையும் தாங்கும். இரண்டாவதில் முகவாய் கரையும். நான்காவதில் மூக்கு போகும். ஐந்தாவது சோதனைக்கு எடுத்துக்கொள்ள எதுவும் மிஞ்சுவதில்லை.

இனி, பயனைப் பற்றிய வினா. பகைவர் மலையேறி வந்தால் பாவை நகைக்கும், பகைவர் மாள்வர் என்பது மூலத்தின் இயக்கமுறை. படியின்முன் நிற்கும் விருந்தினரோ தாமே நகைக்கின்றனர்; மாள்வது செய்தவரின் மானமாகும். சிரிப்பும் சாவும் இரண்டிலும் உள, ஆள்கள் மட்டுமே இடம் மாறியுள்ளனர். புதுவீட்டு முகப்பில் தொங்கும் திருஷ்டிப் பொம்மையின் நோக்கத்தை இதனோடு ஒப்பிட்டால் ஐயம் நீங்கும். பொறாமையோடு வாசலுக்கு வந்தவர் மூக்கில்லாத பாவையைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தபின், அவ்வீட்டார்மேல் அவருக்கு இரக்கம் தோன்றுமேயன்றிப் பொறாமை தோன்றாது. எனவே படி எவ்வளவுக்குக் கெட்டுப்போகிறதோ அவ்வளவுக்குக் காவல் வலுக்கும் என்பதும், செய்தவர் அதனை அலமாரியில் மறைக்காமல் நிலைப்படிக்கு மேல் மாட்டுவதே முறை என்பதும் இவ்வாய்வால் பெறப்படும் முடிபுகளாம்.